கேள்வி ஒரு சாக்கு

1939-ல் அமெரிக்க வானொலியில் 'பாட் ஓ கோல்ட்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பரிசு 1,000 டாலர். அன்றைக்கு அது ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதை வாங்க உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் தொலைபேசி அடித்தால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஹொரேஸ் ஹைட் என்பவரின் இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். முதல் சுற்றில் எந்த ஊர்த் தொலைபேசிப் புத்தகம் என்று முடிவாகும். இரண்டாவதில் எந்தப் பக்கம். மூன்றாவதில் எந்த வரி. அந்த வரியில் பெயர் உள்ளவர் வீட்டில் இருந்தால் ஆயிரம் டாலர் அவருக்கு.

இந்த நிகழ்ச்சி வந்த செவ்வாய்க்கிழமை இரவுகளில் சினிமா தியேட்டர்கள் காற்று வாங்கின. அழைப்பு வரும்போது வீட்டில் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஆட்கள் வெளியே கிளம்பவே யோசித்தார்கள். சில தியேட்டர்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: நீங்கள் எங்கள் தியேட்டரில் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டுக்கு அழைப்பு வந்தால், அந்த ஆயிரம் டாலரை நாங்கள் தருகிறோம். லட்சக்கணக்கான பெயர்களில் ஒன்று விழ வேண்டும், அந்த ஆள் அந்தத் தியேட்டரில் இருக்க வேண்டும். அவர்கள் ஒன்றும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை.

பழைய வானொலிப் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்பது என் பொழுதுபோக்கு. நாடகங்களில்தான் ஆரம்பித்தேன், இப்போது போட்டி நிகழ்ச்சிகளில் வந்து நிற்கிறேன். 1930-களிலிருந்து 1950-களின் முடிவுவரை அமெரிக்க, பிரிட்டிஷ் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்தவை. கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. இந்த நிகழ்ச்சிகளில் கேள்வி ஒரு சாக்கு. விற்பனைக்கு வைத்த சரக்கு மைக் முன்னால் நிற்கும் ஆள்தான். இதை விட்டுவிட்டால், பின்னால் நடந்த பெரிய மோசடி ஏதோ திடீரென்று வானத்திலிருந்து விழுந்தது போலத் தெரியும். அது அப்படி விழவில்லை.

தொடக்கத்தைப் பாருங்கள். 1932-ல் டெக்ஸாஸின் ஹூஸ்டன் நகரில் கேடிஆர்ஹெச் என்ற நிலையத்திலிருந்து இரண்டு பேர் மைக்கைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அது அதிபர் தேர்தல் நேரம். போகிற வருகிறவர்களை நிறுத்தி யாருக்கு ஓட்டு என்று கேட்டார்கள். தேர்தல் முடிந்தது, அரசியல் கேள்வி தீர்ந்தது. ஆனால் தெருவில் நிற்கிற ஆளின் குரலைக் கேட்க ஜனங்கள் தயாராக இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அதனால் கோணங்கிக் கேள்விகளும் புதிர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். 'வாக்ஸ் பாப்' என்ற இந்த நிகழ்ச்சி 1935-ல் நியூயார்க்குக்குப் போய் நாடு முழுக்க ஒலித்தது. ஆள் முதலில் வந்தார், கேள்வி பிறகு வந்தது. வரிசையைக் கவனியுங்கள்.

1936-ல் 'புரொஃபசர் குவிஸ்', 'அங்கிள் ஜிம்ஸ் கொஸ்டின் பீ' என்று இரண்டு வந்தன. பொதுமக்களில் சிலரை அழைத்துக் கேள்வி கேட்டு, ஜெயித்தவருக்குக் காசு கொடுப்பது என்ற அச்சு இங்கேதான் விழுந்தது. அடுத்த 4, 5 வருடங்களில் இந்த மாதிரி நிகழ்ச்சிகள் புற்றீசலாகக் கிளம்பின. காரணம் ரொம்ப எளிது. ஒரு நட்சத்திர நகைச்சுவை நடிகருக்கு வாரம் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டும், அவருக்கு எழுதித் தருகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். தெருவில் போகிறவருக்கு அதெல்லாம் வேண்டாம். ஜெயித்தால் கொஞ்சம் பணம், தோற்றால் கைதட்டல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். அன்றைய அமெரிக்க வானொலியில் நிகழ்ச்சி பெரும்பாலும் நிலையத்துக்குச் சொந்தம் இல்லை. சோப்புக் கம்பெனியோ பற்பசைக் கம்பெனியோ தன் விளம்பர நிறுவனத்தை வைத்து நிகழ்ச்சியைத் தயாரிக்கும். நிலையம் நேரத்தை மட்டும் விற்கும். கேட்பவர்களுக்கு அது கேளிக்கை. கம்பெனிக்கு அது அரை மணி நேர விளம்பரம்.

'டாக்டர் ஐ.க்யூ.' எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. 1939-ல் தொடங்கியது. ஒவ்வொரு ஊராகப் போய், நிரம்பிய சினிமா தியேட்டரிலிருந்தே ஒலிபரப்புவார்கள். டாக்டர் மேடையில் நிற்பார். உதவியாளர்கள் மைக்கோடு அரங்கம் முழுக்கச் சிதறி நிற்பார்கள். "பால்கனியில் ஒரு அம்மா இருக்கிறார், டாக்டர்" என்று ஒருவர் மேலேயிருந்து குரல் கொடுப்பார். உடனே அந்த அம்மாவுக்கு ஒரு கேள்வி, சரியாகச் சொன்னால் இத்தனை வெள்ளி டாலர் என்று அறிவிப்பு. பதில் தவறினால் ஒரு பெட்டி சாக்லேட், அடுத்த வார நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட். பரபரவென்று போகும், மூச்சு விட நேரம் இருக்காது. பதிவைக் கேட்டால் தியேட்டரின் பரப்பே காதில் விழுகிறது: மேடைக்குரல் கிட்டத்தில், பால்கனிக்குரல் தூரத்தில், நடுவில் கூட்டத்தின் சலசலப்பு. பெயர்கூடச் சொல்லாமல் வந்துபோகும் அந்த அம்மாக்கள் கூச்சத்தில் சிரிப்பதும், தப்பாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதும்தான் நிகழ்ச்சி. கேள்விகள் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

1940 ஏப்ரலில் சிபிஎஸ் வானொலியில் 'டேக் இட் ஆர் லீவ் இட்' வந்தது. முதல் கேள்விக்கு 1 டாலர். அப்புறம் 2, 4, 8, 16, 32, கடைசியில் 64. ஒவ்வொரு படியிலும் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது எல்லாவற்றையும் பணயம் வைத்து அடுத்த படிக்குப் போகலாம். போகிறேன் என்று போட்டியாளர் சொன்னதும் அரங்கமே ஒரே குரலில் "வருத்தப்படுவாய்!" என்று கத்தும். 32 டாலரோடு நிற்கும் மனிதரின் தயக்கத்தை மைக் அப்படியே பிடித்துக்கொடுக்கிறது. ஒரு சின்ன இருமல், தொண்டைச் செருமல், தொகுப்பாளரிடம் அசட்டுச் சிரிப்பு. இன்றைக்குக் கோடிகளில் நடக்கும் நிகழ்ச்சிகள் எல்லாம் இந்த இரட்டிப்புக் கணக்கின் பிள்ளைகள்தான். பணம் பெருகியிருக்கிறது, தயக்கம் அதேதான்.

இந்தக் கும்பலில் சேராத ஒன்று 'இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்'. 1938 மே மாதம் தொடங்கியது. டான் கோலன்பால் என்ற தயாரிப்பாளர் விஷயத்தைத் தலைகீழாக்கினார். பொதுமக்களை நிற்க வைத்துப் படித்தவர்கள் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, படித்தவர்களை உட்கார வைத்துப் பொதுமக்கள் கேட்கட்டும் என்றார். நேயர்கள் தபாலில் கேள்வி அனுப்புவார்கள். குழு பதில் சொல்ல முடியாமல் விழித்தால் கல்லாப்பெட்டி மணி 'கிணிங்' என்று அடிக்கும். கேள்வி அனுப்பியவருக்குப் பணம். பிற்பாடு அதோடு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா ஒரு முழு வரிசையும் சேர்ந்துகொண்டது.

கேள்விகளைப் படிப்பவர் கிளிஃப்டன் ஃபேடிமன், புத்தக விமர்சகர். நிரந்தர உறுப்பினர்களாகப் பத்திரிகைப் பத்தி எழுத்தாளர் ஃபிராங்க்ளின் பி. ஆடம்ஸும் ஜான் கீரனும் இருந்தார்கள். பியானோ கலைஞர் ஆஸ்கர் லெவன்ட் அடிக்கடி வந்து உட்காருவார், இரண்டு ஸ்வரத்தில் இசையைச் சொல்லிவிடுவார். எனக்கு இவர்களில் கீரன்தான் பிரியம். தொழிலில் அவர் நியூயார்க் டைம்ஸின் விளையாட்டுப் பத்தி எழுத்தாளர். ஆனால் லத்தீன் தெரியும், ஷேக்ஸ்பியர் தெரியும், பறவைகள் தெரியும். பேச்சிலோ நியூயார்க் தெருவாடை அடிக்கும். அந்த உச்சரிப்பில் லத்தீன் வரி ஒன்றை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது, படிப்பு என்பது பந்தாவோடுதான் வரவேண்டும் என்ற எண்ணம் கேட்பவர்களுக்குக் கொஞ்சமாவது ஆட்டம் கண்டிருக்கும்.

இந்த நிகழ்ச்சியில் ஒத்திகை கிடையாது. குழுவினருக்குக் கேள்விகள் முன்கூட்டியே போகக் கூடாது என்பதில் கோலன்பால் பிடிவாதமாக இருந்தார். விளம்பரதாரர் விஷயத்திலும் அதே பிடிவாதம். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் கம்பெனி, போர்க்காலத்தில் தன் பெட்டியின் பச்சை நிறத்தை எடுத்துவிட்டு, அந்தப் பச்சை 'போருக்குப் போய்விட்டது' என்று ஒரு வாசகத்தை நிகழ்ச்சிக்குள் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது. கோலன்பாலுக்கு எரிச்சல். நிறுத்தச் சொல்லிக் கோர்ட்டுக்கே போனார். வழக்கில் தோற்றார். ஆனால் அந்தக் கம்பெனியோடு உறவு முறிந்து, நிகழ்ச்சி 1943-ல் ஹைன்ஸ் கம்பெனியின் கைக்கு மாறியது. தனக்குச் சோறு போடும் விளம்பரதாரர்மீதே வழக்குப் போட்ட தயாரிப்பாளரை அந்தக் காலத்தில் இன்னொருவர் காட்டுங்கள் பார்க்கலாம்.

1940-ல் சிகாகோவிலிருந்து 'குவிஸ் கிட்ஸ்' வந்தது. தயாரிப்பு லூயிஸ் கோவன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புத்திசாலிக் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்துப் பெரிய பெரிய கேள்விகள். டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வாட்சன் சிறுவனாக அதில் உட்கார்ந்திருக்கிறார். பரிசு 100 டாலர் சேமிப்புப் பத்திரம். குழந்தைகளுக்கு எதில் ஆர்வமோ அதைப் பார்த்துத்தான் கேள்விகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பறவைகளில் பைத்தியமான சிறுவனிடம் பறவைக் கேள்வி. இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. குழந்தை திணறினால் யாருக்குச் சந்தோஷம்? ஆனாலும் ஒரு கதவு இங்கே லேசாகத் திறந்தது. இன்னாருக்கு இன்ன கேள்வி போனால் நன்றாக இருக்கும் என்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அதே வருடம் ரால்ஃப் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' இன்னும் ஒளிவுமறைவு இல்லாதது. கேள்வி வேண்டுமென்றே அபத்தமாக இருக்கும். யாராலும் பதில் சொல்ல முடியாது. மணி அடிக்கும், தண்டனையாகக் கோமாளித்தனம் ஏதாவது செய்ய வேண்டும். கேள்வி சாக்குதான் என்று மேடையேறி ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது. அதன் புகழ் எவ்வளவு என்றால், 1950-ல் நியூ மெக்சிகோவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் வாக்கெடுப்பு நடத்தித் தன் பெயரையே 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்று மாற்றிக்கொண்டது. இன்றைக்கும் அதுதான் ஊர்ப்பெயர். அந்த ஊர்க்காரர்கள் முகவரி எழுதும்போது என்ன நினைப்பார்களோ.

பிரிட்டனில் பிபிசிக்கு விளம்பரமும் இல்லை, பெரிய பரிசுக்கு மனமும் இல்லை. அங்கே 1946-ல் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் 'ஹேவ் எ கோ' என்று ஊர் ஊராகக் கிளம்பினார். யார்க்ஷயர் பேச்சு, ஊர்ப் பொது மண்டபம், வயதான பெண்மணிகள். "காதலிக்கிறாயா?" என்று இளசுகளையும் கிழவிகளையும் ஒரே மாதிரி கேட்பார். சில ஷில்லிங் பரிசு. கேள்வி முடிந்ததும் தயாரிப்பாளர் பார்னியைப் பார்த்து "காசைக் கொடுத்துவிடு பார்னி" என்பார். பதில் பாதி சரியாக இருந்தாலும் காசு போய்விடும். பணம் சின்னதாக இருந்தால் ஏமாற்ற வேண்டிய அவசியமும் சின்னதாகிவிடும் போலிருக்கிறது.

தொலைக்காட்சிப் பக்கம் முதலில் கால் வைத்ததும் பிபிசிதான். 1938 மே 31 அன்று 'ஸ்பெல்லிங் பீ' என்ற எழுத்துக்கூட்டுப் போட்டியை ஃபிரெடி கிரைஸ்வுட் நடத்தினார். கோட்டு சூட்டு போட்டவர்கள் எழுத்துக் கூட்டுவதைப் படமாகப் பார்ப்பதில் என்ன சுவாரசியம் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. அமெரிக்காவில் 1941 ஜூலை 1 அன்று வணிகத் தொலைக்காட்சிக்கு அனுமதி நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் நாளே என்பிசியின் நியூயார்க் நிலையத்தில் 'அங்கிள் ஜிம்'மும் 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்'ஸும் ஓடின. நகரத்தில் மொத்தம் சில ஆயிரம் பெட்டிகள். மறுநாள் சிபிஎஸ் தன் பங்குக்கு ஒரு வினாடி வினாவை ஆரம்பித்தது. அப்புறம் போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்திப் போட்டது.

போர் முடிந்த பிறகு வானொலிக்குப் பரிசுப் பைத்தியம் முற்றியது. 1948-ல் ஏபிசியில் 'ஸ்டாப் தி மியூசிக்'. மறுபடி லூயிஸ் கோவன். பாட்டு ஓடும், நடுவில் நிற்கும், ஏதாவது ஒரு வீட்டுக்கு அழைப்பு போகும், பாட்டின் பெயரைச் சொன்னால் பரிசு. எதிர்த்த நேரத்தில் என்பிசியில் ஃபிரெட் ஆலன். அமெரிக்க வானொலியின் மிகக் கூர்மையான நகைச்சுவையாளர்களில் ஒருவர். அவருடைய நேயர்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். ஆலன் நொந்துபோய் ஒரு காப்பீடு அறிவித்தார்: என் நிகழ்ச்சியைக் கேட்டதால் 'ஸ்டாப் தி மியூசிக்' அழைப்பைத் தவறவிட்டவர்களுக்கு 5,000 டாலர்வரை நான் தருகிறேன். தியேட்டர்காரர்கள் செய்த அதே தந்திரம். பலிக்கவில்லை. 1949-ல் அவர் நிகழ்ச்சி முடிந்துபோனது. இத்தனை வருடமாக நகைச்சுவை எழுதி வளர்த்த மனிதரை ஒரு தொலைபேசி மணி சாய்த்துவிட்டது என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

இதெல்லாம் லாட்டரி என்று எஃப்சிசி, அதாவது அமெரிக்க ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம், 1949-ல் தடைவிதி கொண்டுவந்தது. நிலையங்கள் வழக்குப் போட்டன. 1954 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிலையங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வாதம் இப்படிப் போகிறது: லாட்டரி என்றால் கலந்துகொள்பவர் ஏதாவது விலை கொடுத்திருக்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்பது விலை ஆகாது. சட்டப்படி சரியான தீர்ப்புதான் என்று நினைக்கிறேன். ஆனால் அது அணையின் மதகைத் திறந்துவிட்டது. 14 மாதம்தான் ஓடியது, வெள்ளம் வந்தது.

1955 ஜூன் 7, சிபிஎஸ் தொலைக்காட்சி, 'தி 64,000 டாலர் கொஸ்டின்'. கோவன் அந்தப் பழைய வானொலி 64 டாலரை எடுத்து ஆயிரத்தால் பெருக்கிவிட்டார். விளம்பரதாரர் ரெவ்லான், உதட்டுச்சாயக் கம்பெனி. மேடை அலங்காரத்தைச் சொல்ல வேண்டும். கேள்விகள் வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவைக்கப்பட்டு, வங்கி அதிகாரியின் கையில், காவலர்கள் இரண்டு பக்கமும் நிற்க, மேடைக்கு வரும். பெரிய படிகளுக்கு வந்ததும் போட்டியாளர் ஒலிபுகாத கண்ணாடிக் கூண்டுக்குள் போய்விட வேண்டும். உயரமான படிகளில் வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. ஒரு வாரம் முழுக்க நாடு காத்திருக்கும். தோற்றாலும் கூண்டுவரை வந்தவருக்கு ஒரு கேடிலாக் கார். இத்தனை பூட்டும் காவலும் நேர்மைக்கான அடையாளம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

போட்டியாளர் தேர்வில்தான் கோவன் குழுவின் மூளை தெரிகிறது. ஜீனோ ப்ராட்டோ, பிராங்ஸ் பகுதியில் செருப்புத் தைப்பவர். அவருடைய துறை ஓபரா. கேப்டன் ரிச்சர்ட் மெக்கட்சன், கடற்படைப் பிரிவு அதிகாரி, துறை சமையல். முதல் 64,000 டாலர் அவருக்குத்தான் போனது. நியூயார்க் போலீஸ்காரர் ஒருவருக்கு ஷேக்ஸ்பியர். ஆளுக்கும் அறிவுக்கும் பொருத்தமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் சூத்திரம். ப்ராட்டோ 32,000 டாலரில் நின்றபோது இத்தாலியிலிருந்து அவருடைய வயதான தந்தை, போதும் நிறுத்திக்கொள் என்று தந்தி அடித்தார். மகன் அப்பா பேச்சைக் கேட்டு இறங்கிவிட்டார். எந்த எழுத்தாளர் இதைவிட நன்றாக எழுதிவிட முடியும்?

ரெவ்லானின் உதட்டுச்சாயம் கடைகளில் தட்டுப்பாடு ஆகும் அளவுக்கு விற்றது. கம்பெனிக்காரர்கள் வாராவாரம் தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து, இவர் இன்னும் சில வாரம் இருக்கட்டும், அவர் சலிப்புத் தட்டுகிறார் என்று கருத்துச் சொன்னார்கள். பதிலை யாருக்கும் நேரடியாகக் கொடுக்க வேண்டியதில்லை. முன்னோட்டத் தேர்வில் ஒருவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கண்டுகொண்டால் போதும். பிடித்தவருக்குத் தெரிந்தது, பிடிக்காதவருக்குத் தெரியாதது. ஜாய்ஸ் பிரதர்ஸ் என்ற உளவியலாளருக்கு இந்தச் சூத்திரம் செல்லவில்லை. நிகழ்ச்சிக்காகவே குத்துச்சண்டை வரலாற்றை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் அவர். வெளியேற்றப் பார்த்துக் கேள்வியை எவ்வளவு கடினமாக்கினாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி 64,000-ஐ வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கதையில் நான் எழுந்து நின்று கைதட்டும் இடம் இது.

1956 செப்டம்பரில் என்பிசியில் 'ட்வென்டி ஒன்' வந்தது. ஜேக் பேரி தொகுப்பாளர், டான் என்ரைட் தயாரிப்பாளர், ஜெரிட்டால் என்ற டானிக் விளம்பரதாரர். இரண்டு போட்டியாளர்கள், இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. 1 முதல் 11 புள்ளிவரை கடினத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து 21-ஐத் தொட வேண்டும். முதல் ஒளிபரப்பு நேர்மையாகவே நடந்தது. போட்டியாளர்கள் கேள்விக்குக் கேள்வி தவறவிட்டார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே விளம்பரதாரரிடமிருந்து திட்டு விழுந்தது, இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று. அதற்கப்புறம் நடக்கவில்லை.

ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் நியூயார்க் சிட்டி கல்லூரி மாணவர், முன்னாள் ராணுவ வீரர், உண்மையிலேயே அபார ஞாபகசக்திக்காரர். என்ரைட் அவர் வீட்டுக்கே வந்து கேள்வி அட்டைகளைக் காட்டினார். எதற்கு என்ன பதில், எங்கே தயங்குவது, எப்போது உதட்டைக் கடிப்பது, எல்லாம் பாடம். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். முடி ராணுவ வெட்டு. அளவில் பெரிய பழைய கோட்டு, கழுத்துப்பட்டை நைந்த சட்டை, மைக்கில் கேட்கும் அளவுக்கு டிக் டிக் என்று ஓடும் மலிவான கைக்கடிகாரம். கூண்டுக்குள் வியர்த்துக் கொட்ட வேண்டும் என்பதற்காகக் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிடுவார்கள். ஒரு ஏழை மாணவன் கஷ்டப்பட்டு மேலே வருகிறான் என்ற படம். இது நாடகத் தயாரிப்பு. கொஞ்ச வாரம் ஓடியது, அப்புறம் மவுசு குறைந்தது.

அடுத்த நாயகன் சார்லஸ் வான் டோரன். கொலம்பியா பல்கலைக்கழக ஆங்கில ஆசிரியர், அழகர், எழுத்தாளர் குடும்பம். அப்பா புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர். நீ ஜெயித்தால் நாட்டில் ஆசிரியர்களுக்கும் படிப்புக்கும் மரியாதை கூடும் என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். பின்னாளில் அவரே சாட்சியத்தில் சொன்னது இது.

1956 டிசம்பர் 5 நிகழ்ச்சியின் பதிவு இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஸ்டெம்பெலுக்கு ஒரு கேள்வி: 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு? விடை 'மார்ட்டி'. அவர் மூன்று முறை பார்த்து ரசித்த படம். தெரியாதது போல நடித்து 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' என்று தவறாகச் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. பதிவில் அந்த முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். கண்ணை மூடுகிறார், நெற்றியை ஒற்றுகிறார், சொல்லிக் கொடுத்ததையெல்லாம் செய்கிறார். நடிப்பு எங்கே முடிகிறது, நிஜமான வேதனை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடிவதில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று கோடிக்கணக்கானவர்கள் முன்னால் சொல்வது, அறிவு ஒன்றையே சொத்தாக நினைக்கும் மனிதனுக்கு எவ்வளவு பெரிய அவமானம்! பக்கத்துக் கூண்டில் வான் டோரன் அழகாக முணுமுணுத்து யோசிக்கிறார். அந்த யோசனையும் பாடம்தான்.

வான் டோரன் 1957 மார்ச்வரை இருந்து 129,000 டாலர் ஜெயித்தார். டைம் பத்திரிகையின் அட்டையில் வந்தார். என்பிசி அவரைக் காலை நிகழ்ச்சிக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஸ்டெம்பெல் பத்திரிகைகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஆதாரம் இல்லாமல் போட்டால் அவதூறு வழக்கு வரும் என்று யாரும் அச்சிடவில்லை. பொறாமையில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவரிடம் பொறாமை இருந்தது உண்மை. அவர் சொன்னதும் உண்மை.

உடைந்தது வேறு இடத்தில். 1958-ல் 'டாட்டோ' என்ற நிகழ்ச்சியில் முறை வருமென்று காத்திருந்த ஒரு போட்டியாளர், ஒப்பனை அறையில் கிடந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அன்றைக்குச் ஜெயித்துக்கொண்டிருந்த பெண்ணுடையது. பதில்கள் எல்லாம் அதில் எழுதியிருந்தன. பக்கத்தைக் கிழித்துக்கொண்டார். ஆகஸ்டில் நிகழ்ச்சி நின்றது. நியூயார்க்கில் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு, விசாரணை தொடங்கியது. சுமார் 150 சாட்சிகள் வந்தார்கள். அதில் 100 பேராவது பொய் சொல்லியிருப்பார்கள் என்பது விசாரணையை நடத்திய அரசு வழக்கறிஞரின் கணிப்பு. வேடிக்கை என்னவென்றால், வினாடி வினாவில் முன்கூட்டியே பதில் கொடுப்பது அன்றைக்குக் குற்றமே இல்லை. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதுதான் குற்றம்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்ற ஓவியர். 'ட்வென்டி ஒன்'னில் கலந்துகொண்டவர். தனக்குக் கொடுத்த கேள்வி பதில்களை எழுதி, ஒளிபரப்புக்கு முன்னால் தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். 1959-ல் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னால் அந்த உறைகள் பிரிக்கப்பட்டன. தபால் முத்திரையில் 1957 மே தேதி, உள்ளே பின்னால் கேட்கப்பட்ட கேள்விகள். அவர் தோற்க வேண்டிய நாளில் ஒரு கவிதைக் கேள்விக்குத் தவறான பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கூண்டில் நின்றுகொண்டு எமிலி டிக்கின்சன் என்று சரியான பெயரைச் சொல்லிவிட்டார். நேரலை என்பதால் யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

1959 நவம்பர் 2 அன்று வான் டோரன் அதே குழுவின் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கொலம்பியா வேலை போனது, என்பிசி வேலை போனது. 1960-ல் சட்டம் திருத்தப்பட்டு இந்த மோசடி குற்றமாக்கப்பட்டது. விளம்பரதாரர்களிடமிருந்து நிகழ்ச்சிகளின் பிடி நிலையங்களின் கைக்கு மாறுவதும் வேகமெடுத்தது.

வழக்கமாக இதை அமெரிக்கா வெகுளித்தனத்தை இழந்த கதை என்று எழுதுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நகைச்சுவை நடிகர் கிரவுச்சோ மார்க்ஸின் 'யூ பெட் யுவர் லைஃப்' 1947-லிருந்து ஓடியது. வருகிறவர்களை ஊழியர்கள் முன்பே பேட்டி எடுத்து, கிரவுச்சோவின் 'திடீர்' நகைச்சுவைகளில் பலவற்றை முன்பே எழுதிவைத்து, ஒரு மணி நேரம் படமெடுத்து அரை மணியாக வெட்டினார்கள். யாரும் கோபப்படவில்லை, நன்றாகச் சிரித்தார்கள். 'ஸ்ட்ரைக் இட் ரிச்'சில் ஏழைகள் தங்கள் நோயையும் கடனையும் சொல்லி அழுதார்கள். அதை நம்பிக் கையில் காசில்லாமல் நியூயார்க்குக்கு வந்து இறங்கியவர்கள் நகர நலத்துறையின் தலையில் விழுந்தார்கள். நலத்துறை ஆணையர் வெளிப்படையாகவே புகார் சொன்னார். அழுகையைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றுவது சரி, பதிலைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது மட்டும் மோசடி என்று கோடு போட்டுவிட்டார்கள். கோடு அங்கேதான் இருக்க வேண்டுமா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இந்தக் களேபரம் எதுவும் தொடாமல் 'வாட்ஸ் மை லைன்' 1950-லிருந்து 1967வரை நிம்மதியாக ஓடியது. விருந்தாளி கரும்பலகையில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று குழு கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் 5 டாலர், அதிகபட்சம் 50. அந்த 50-க்காக யாரும் யாருக்கும் பதில் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

மோசடிக்குப் பிறகு பெரிய பணப் போட்டிகள் திரையிலிருந்து காணாமல் போயின. புதிதாக வினாடி வினா என்று யார் போனாலும் நிலையங்கள் கதவைச் சாத்தின. 1963-ல் தயாரிப்பாளர் மெர்வ் கிரிஃபின் தன் மனைவி ஜூலனோடு டுலூத்திலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். அறிவுப் போட்டிகளுக்கு இனி வழியே இல்லையே என்று பேச்சு வந்தது. போட்டியாளர்களுக்குப் பதிலைக் கொடுத்ததுதானே பிரச்சினை, அப்படியானால் நாமே பதிலைக் கொடுத்துவிடுவோம், அவர்கள் கேள்வியைச் சொல்லட்டும் என்றார் ஜூலன். புரியவில்லை என்றார் கணவர். "5,280" என்றார் அவர். "ஒரு மைலுக்கு எத்தனை அடி?" என்று பதில் வந்தது. 'ஜெப்பர்டி' 1964 மார்ச் 30 அன்று என்பிசியின் பகல் நேரத்தில் தொடங்கியது. முதல் சுற்றில் பலகையின் மேல்வரிசைக்கு 10 டாலர், கடைசி வரிசைக்கு 50. அந்த முதல் சுற்றின் எந்தக் கட்டமும் 1940-ன் வானொலி 64 டாலரைத் தொடவில்லை.